அம்மாவின் கிளினிக் நாளும் மூட்டாத அடுப்பும்: எங்கள் ஊருக்குள் என்ன செய்யலாம்?

ஆடாதோடை (உரும்பிராய்)

வணக்கம். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருந்து இந்தக் குழுமத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், இருந்து வாசியுங்கள்.

போன செவ்வாய் அம்மா பஸ்ஸுக்குள் கண் இருட்டிச் சரிந்துவிட்டார். கிளினிக் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழி. அவருக்கு வயது 67. சலரோகம் (நீரிழிவு) வந்து 11 வருடம், பிரஷரும் இருக்கிறது. உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கியதாம். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று பையில் கிடந்த ரொபியை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் பருக்கி, அம்மாவின் ஃபோனில் இருந்து எனக்கு எடுத்தது. பதற்றத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இதை வாசித்தால், தங்கச்சி, உமக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அம்மாவின் கிளினிக் நாள் இப்படித்தான் போகும். விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். ஆறு மணிக்கு முதல் போய் நின்றால்தான் நல்ல நம்பர் கிடைக்கும். அன்று 118. சாப்பிடாமல் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாள் அது. ஆனால் அம்மா பழக்கதோஷத்தில் சீனிக் குளிசையை வீட்டிலேயே வெறும் வயிற்றில் போட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டிருக்கிறார். வைத்தியரைக் காணப் பதினொன்று தாண்டிவிட்டது. கதைத்தது இரண்டு நிமிடம் இருக்கும். அந்த வைத்தியரைக் குறை சொல்லமாட்டேன், வாசலில் இன்னும் எத்தனையோ பேர் நின்றார்கள். பிறகு மருந்துக்கு வரிசை. ஒரு மணிக்கு வெளியே வந்தபோது வயிற்றுக்குள் போனது ஒரு பிளேன்ரீ மட்டும்.

அன்று பின்னேரம் அம்மாவைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். என்னை உலுக்கியது அங்கே கண்டதுதான். முதல்நாள் வடித்த வெள்ளைச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. ஒரு சட்டியில் சொதி. அலுமாரிக்குள் இரண்டு பெட்டி பிஸ்கட். மரக்கறி என்று ஒரு துண்டும் இல்லை. பின்வளவில் முருங்கை தளைத்து நிற்கிறது, பப்பாசி பழுத்து விழுகிறது, கிணற்றடியில் வல்லாரை படர்ந்து கிடக்கிறது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது முருங்கையிலை வறைக்கே அம்மாவிடம் கிண்ணத்தோடு வருவார்கள்.

ஏன் அம்மா சமைக்கவில்லை என்று கேட்டேன். “எனக்கொருத்திக்கு என்னத்துக்குப் பிள்ளை அடுப்பு மூட்டுறது?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நித்திரையும் வாறேல்லை. ஒரே யோசினை” என்றார்.

அப்பா போய் நாலு வருடம். அண்ணா லண்டனில், அக்கா கனடாவில். காசுக்குக் குறை இல்லை. நான் ஏழு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறேன், பிள்ளைகள், பள்ளிக்கூடம், வேலை. வாரத்தில் இரண்டு தரம் போவேன், அதுவும் அரை மணித்தியாலம்.

அம்மாவின் கிளினிக் கொப்பியில் சீனி 212 என்று எழுதியிருக்கிறது. இவர் தனிய இருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு பக்கத்திலும் எழுதியில்லை. அதை எழுதச் சொல்லி யாரிடம் கேட்பது? எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படி ஒன்பது வீடு எண்ணினேன். பெரிய வீடு, ஒரு ஆள்.

எனக்கு வந்த யோசனை இதுதான். எங்கள் சனசமூக நிலையத்தில் இரண்டு பத்திரிகை வருகிறது, ஒரு கரம்போட் கிடக்கிறது, பின்பக்கம் கொட்டிலும் கிணறும் உண்டு. இரண்டு கிழமைக்கொருக்கா ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிட்டால் என்ன? வருகிறவர்களுக்குச் சீனியும் பிரஷரும் பார்த்து எழுதினால் என்ன? கதைக்க விரும்புகிறவர்கள் கதைக்கட்டும். இப்படி உங்கள் ஊரில் யாராவது செய்திருக்கிறீர்களா? எங்கே பிழை வரும் என்றும் சொல்லுங்கள்.

வெள்ளைத்தொப்பி (மானிப்பாய்)

பிள்ளை, நான் இளைப்பாறிய தாதி. 34 வருடம் வார்ட்டிலும் கிளினிக்கிலும் நின்றவள். முதலில் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், பலருக்கு உதவும்.

அது சீனி இறங்கிய மயக்கமாகத்தான் இருக்கும். வேர்வை, நடுக்கம், கண் இருட்டு, திடீர்க் கோபம்கூட வரும். மெற்போமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது குறைவு. கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். 70க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ், கால் மணித்தியாலம் பொறுத்துத் திரும்பப் பார்த்து, பிறகு சாப்பாடு. நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்துவிட்டது, காசு இல்லை.

சாப்பிடாமல் இரத்தம் கொடுக்கும் நாளில் சீனிக் குளிசையை வீட்டில் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். இரத்தம் கொடுத்த கையோடு சாப்பிட்டுவிட்டுப் போடலாம். உங்கள் வைத்தியரிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்துங்கள். இரண்டு இடியப்பமோ ஒரு துண்டு ரொட்டியோ பைக்குள் இருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் எங்களுக்கு அந்த வரிசையில் நேரம் கிடைப்பதில்லை. எத்தனை வருடம் அந்த மனவருத்தத்தோடு வேலை செய்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது விடயம். சீனி ஓரளவு கட்டுப்பாட்டில் நிற்கிறவர்களைக் கிட்டடியில் உள்ள பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து மாற்றிவிடலாம். கேட்க வேண்டும். எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. பெரியாஸ்பத்திரி வைத்தியர் பார்த்தால்தான் வருத்தம் மாறும் என்று நினைக்கிறார்கள். ஒரே குளிசைக்காக இரண்டு பஸ் ஏறி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அதோடு, 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர், நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்க ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போகிற ஆண்கள் மிகக் குறைவு. “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை” என்று சொல்லிச் சொல்லியே காலில் புண்ணோடு வருவார்கள்.

இன்னொன்று மனதில் கிடந்து அரிக்கிறது. எங்கள் மானிப்பாயில் 1848இல் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய சாமுவேல் கிறீன் ஐயா பிறகு தமிழிலேயே வைத்தியர்களைப் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணில் இன்று அம்மாமார் குளிசையை நிறத்தை வைத்து அடையாளம் பிடிக்கிறார்கள். கொம்பனி மாறி நிறம் மாறினால் ஒன்றையே இரண்டு தரம் போடுகிறார்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் வேறொன்றும் செய்யாவிட்டாலும், ஒவ்வொருவரின் குளிசை உறையிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: என்னத்துக்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முதலா பிறகா. நான் வருகிறேன்.

நேர்கோடு (கொக்குவில்)

நல்ல எண்ணம்தான். ஆனால் சிலதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

என் பெரியம்மாவின் மகன் காணாமல் ஆக்கப்பட்டவன். 2009க்குப் பிறகு பெரியம்மாவிடம் ஐந்து வெவ்வேறு ஆட்கள் வந்து படிவம் நிரப்பினார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் இருந்து சொன்னார். கடைசியாக அவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பது வரை. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சாப்பிடமாட்டார். சொன்னது சொன்னபடி கிடக்க, வந்தவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. திட்டம் ஆறு மாதம், காசு முடிந்தது, போய்விட்டார்கள். பிறகு பெரியம்மா யாரோடும் கதைப்பதை விட்டுவிட்டார். அவருக்கு நெஞ்சு பதைப்பு, உடம்பு உளைவு, பெருமூச்சு. அதற்கு எட்டு வருடமாகக் காஸ்ற்றிக் குளிசை எடுக்கிறார்.

அதனால் மூன்று விடயம் கேட்கிறேன். ஒரு வருடம் விடாமல் நடத்த முடியாவிட்டால் தொடங்காதீர்கள். படிவம் வேண்டாம். படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். சோற்றுக் கோப்பையோடு ஒரு தாயைப் படம் எடுத்துப் போட்டால் அவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

இதோடு, இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. வரி கட்டுகிறோம். நாங்கள் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தால் அவர்களும் சும்மா இருந்துவிடுவார்கள்.

ஆடாதோடை (உரும்பிராய்)

அண்ணா, மூன்றையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். படிவம் இல்லை, படம் இல்லை. ஒரு வருடம் என்பது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் ஒருத்தி நின்றால் நடக்காது, நாலு பேராவது மாறி மாறி நிற்க வேண்டும். பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

நேர்கோடு (கொக்குவில்)

இருக்கிறார். பின்னேரத்தில் வாசல் படியில் இருந்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சின்னக்குடில் (சுழிபுரம்)

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்ற நேர்கோடு அண்ணாவின் கடைசிக் கருத்துக்கு என் ஊர்ப் பக்கத்துப் பதில் ஒன்று இருக்கிறது. மூளாய் கூட்டுறவு வைத்தியசாலை 1930களில் ஊர்ச்சனம் பங்கு போட்டுத் தொடங்கியது. அரசாங்கத்தை எதிர்பார்த்து அவர்கள் இருக்கவில்லை. ஊர் தொடங்கியதால் அரசாங்கத்தின் பொறுப்பு அற்றுப்போகவும் இல்லை. இரண்டும் நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டே திங்கட்கிழமை போய்க் கேட்கலாம்.

நான் முன்பள்ளி ரீச்சர். எல்லோரும் வயதானவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், நான் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். என்னிடம் 22 பிள்ளைகள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பாதிப் பேர் “பிளேன்ரீயும் பிஸ்கட்டும்” என்பார்கள். 2022இல், சாப்பாட்டு விலையேற்றம் நாட்டில் 90 சதவீதத்தையும் தாண்டிய அந்த மாதங்களில், ஒரு பிள்ளை நிலத்தில் இருந்தபடியே தூங்கி விழும். நான் முதலில் நித்திரைக் குறைவு என்று நினைத்தேன். பசி.

தாய்மாரைக் குறை சொல்லிவிடலாம், லேசு. ஆனால் ஒரு தாயின் நாளைப் பாருங்கள். வெங்காயத் தோட்டத்தில் காலை ஆறரைக்கு நிற்க வேண்டும். பிள்ளை நிறுக்கும் கிளினிக் கிழமை நாளில் ஒன்பது மணிக்கு. போனால் அன்றைய கூலி இல்லை. அதனால் இரண்டு மாதம் போகவில்லை. அதற்குள் பிள்ளையின் வளர்ச்சிக் கோடு கீழே இறங்கிவிட்டது. திரிபோஷா என்ற சத்துமா கொடுத்தார்கள், அதை வீட்டில் நாலு பிள்ளைகளும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் குழைத்துக் கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயால் முடியும்?

எங்கள் முன்பள்ளியில் இப்போது காலை ஒன்பதரைக்கு ஒரு கஞ்சியோ அவித்த பயறோ கொடுக்கிறோம். தாய்மார் முறை வைத்துச் செய்கிறார்கள். குரக்கன் மாவில் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் பனங்கட்டியும் போட்டுக் கூழாகக் காய்ச்சினால் ஒரு பிள்ளையும் மிச்சம் வைக்காது. 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சிறு பங்குதான். எங்கள் அம்மம்மாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது, கூழ் தெரிந்திருந்தது.

அதோடு, பிள்ளை பிறந்த வீட்டையும் மறக்காதீர்கள். குடும்பநல மாது வந்து பார்ப்பார், பிள்ளையை நிறுப்பார். தாய் ஏன் அழுகிறாள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. பத்தியக்கறியும் பால்சுறாவும் வேளைக்கு வேளை வரும், “பிள்ளை பெற்ற துடக்குக் கழியும் வரைக்கும் அப்படித்தான்” என்று விட்டுவிடுவார்கள். கழிந்த பிறகும் அழுதால்?

செம்பாட்டான் (புன்னாலைக்கட்டுவன்)

நான் தோட்டக்காரன். எனக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, நல்ல பங்கும் கெட்ட பங்கும்.

எங்கள் செம்மண்ணில் விளைகிற கரட்டும் பீற்றூட்டும் கோவாவும் லொறியில் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போகின்றன. எங்கள் ஊர்க்கடையில் வாடின மரக்கறி கிடக்கிறது. ஒரு சந்தையில் என்னிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ “கழிவு” என்று பிடித்தார்கள். அது போக மிஞ்சியதை விற்றால் உரக்காசு வரும், கூலி வராது. கீரை போட்டால் அன்றைக்கே விற்க வேண்டும், அடுத்தநாள் மாட்டுக்கு. அதனால்தான் கீரைப் பாத்தி குறைந்து போகிறது. சனம் சாப்பிட விருப்பமில்லாமல் இல்லை.

அடுத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும். என் வீட்டுக்கு மட்டும் கிணற்றுக்குக் கிழக்கே மருந்தடிக்காத பாத்தி ஒன்று வைத்திருக்கிறேன். விற்கிற கத்தரிக்கு அடிக்கிறேன். மருந்தடித்தால் இத்தனை நாளைக்கு ஆயக்கூடாது என்று போத்தலில் எழுதியிருக்கும். விலை ஏறின அன்றைக்கு அந்தக் கணக்கை ஒருவரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்காத நாள் இருக்கிறது. ஒருநாள் என் பேத்தி, “அப்பப்பா, அந்தப் பாத்தி ஆருக்கு?” என்று கேட்டது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிள்ளை, உங்கள் சமையலுக்கு என் வீட்டுப் பாத்தியில் இருந்து தருகிறேன். கத்தரி, பயற்றை, முளைக்கீரை. காசு வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் இரண்டு தரம் வாங்கிப்போட்டு விட்டுவிடுவீர்கள். அதனால் தோட்டத்து விலை தாருங்கள், சந்தை விலை வேண்டாம். திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் கூடிச் சமைத்து, குறைந்த விலைக்குக் குரக்கனும் கீரையும், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழும் விற்கிறார்கள் அல்லவா? அங்கே போய் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். நல்ல சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சனம் சாப்பிடும்.

பெருக்குமரம் (நெடுந்தீவு)

கைக்கெட்டும் தூரம் என்று அண்ணை எழுதியதைக் கண்டதும் எங்கள் கதையையும் எழுத வேண்டும் போல் இருந்தது.

எங்களுக்குத் தூரம் என்பது கடல். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஒரு மணித்தியாலம், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். சோழகக் காற்று வீசினாலோ மாரி இறங்கினாலோ படகு ஓடாது. உரும்பிராய் அம்மாவுக்கு நாலு மணிக்கு எழும்ப வேண்டியிருக்கிறது. எங்கள் அம்மாமார் கிளினிக்குக்கு முதல்நாளே வெளிக்கிட்டு யாராவது சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுக்க வேண்டும். சொந்தம் இல்லாதவர் போவதில்லை. நிறைமாதக் கர்ப்பிணிகள் நாளுக்குப் பல கிழமை முதலே யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். அங்கே ஒரு அறைக்குள், புருஷன் கடலில், மற்றப் பிள்ளைகள் தீவில். அந்த நாட்களில் அந்தப் பெண் என்ன யோசிப்பாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் இரண்டு தரம் இருந்திருக்கிறேன்.

இங்கே வைத்தியசாலை இருக்கிறது, வருத்தம் கூடினால் ஏற்றிப்போகப் படகும் உண்டு. மீனும் மாடும் ஆடும் உண்டு. மரக்கறி படகில் வருகிறது, வந்து சேரும்போது வாடிவிடும். நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே உண்டோ அங்கே மட்டும்தான் தோட்டம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மருந்தை ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்குத் தந்தால், ஒரு அம்மாவுக்கு வருடத்தில் ஆறு கடற்பயணம் குறையும். ஞாயிற்றுக்கிழமை சமைத்துவிட்டுத் திங்கட்கிழமை கேட்கப்போவதாகச் சின்னக்குடில் எழுதினாரே, அந்தக் கடிதத்தில் இதையும் சேருங்கள்.

கதியால் (வடமராட்சி)

இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும் செய்தேன். இன்று எழுதுகிறேன்.

எனக்கு 26 வயது. உயர்தரப் பரீட்சை முடிந்த வருடம் எனக்கு நித்திரை போனது. பிறகு யாரோ என்னைப் பற்றிக் கதைக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது. வீட்டில் செய்வினை என்றார்கள். எட்டு மாதம் கோயில் கோயிலாகப் போனோம், நூல் கட்டினோம், திருநீறு போட்டோம். அப்பாவையும் அம்மாவையும் நான் பிழை சொல்லமாட்டேன், அவர்களுக்குத் தெரிந்த கதவை எல்லாம் தட்டினார்கள். உளமருத்துவப் பிரிவு என்ற கதவு இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் என் ரியூஷன் சேர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

மருந்து தொடங்கி ஆறு கிழமையில் சத்தம் குறைந்தது. இப்போது வேலைக்குப் போகிறேன். ஆனால் இன்று வரைக்கும் எனக்குக் கிட்டடியில் உள்ள கிளினிக்குக்குப் போவதில்லை. தெரிந்த ஆட்கள் கண்டால் தங்கச்சியின் கலியாணம் குழம்பும் என்று அம்மா பயப்படுகிறார். அதனால் இரண்டு பஸ் ஏறி வேறு இடம். “விசர்” என்ற சொல்லை ஊரில் எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள். அது என் காதுக்குள் எப்படி விழும் என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு விடயம், இதைத் தாதி அம்மா உறுதிப்படுத்துவார். நான் எடுத்த ஒலன்சபின் என்ற குளிசையால் கடுமையாகப் பசிக்கும். ஒரு வருடத்தில் 14 கிலோ ஏறினேன். சீனியும் எல்லையில் வந்து நின்றது. நான் கேட்கும் வரை என் சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ஒரு வைத்தியர் தலையைப் பார்க்கிறார், மற்றவர் சீனியைப் பார்க்கிறார், நான் ஒரு ஆள்தானே.

உங்கள் இடத்தில் “உளநலம்” என்று போர்ட் போடாதீர்கள். போட்டால் நான் வரமாட்டேன். கூழ் குடிக்க வா என்று கூப்பிட்டால் வருவேன்.

வெள்ளைத்தொப்பி (மானிப்பாய்)

தம்பி, நீர் எழுதியது சரி. அந்தக் குளிசைக்கு நிறையும் சீனியும் கூடும். ஆனால் இதை வாசிக்கும் ஒருவரும் பயந்துபோய் மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறை, சீனி, கொழுப்புப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தேவை என்றால் வைத்தியர் மருந்தை மாற்றுவார்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. 1987 தொடக்கம் சாந்திகம் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்து வருகிறது, யுத்தத்துக்குள்ளும் நின்ற நிறுவனம். இரவில் மனம் தாங்காவிட்டால் உளநல உதவித் தொலைபேசி 1926க்கு எடுங்கள், தமிழிலும் கதைக்கலாம். இந்த இலக்கத்தை உங்கள் ஃபோனில் இப்போதே பதியுங்கள், உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் இன்னொருவருக்குத் தேவைப்படும்.

நேர்கோடு (கொக்குவில்)

கதியால் தம்பி, நானும் “விசர்” என்ற சொல்லைப் பாவித்திருக்கிறேன். இனிப் பாவிக்கமாட்டேன்.

பனிக்காலம் (ஸ்காபரோ)

இங்கிருந்து வாசிக்கிறேன். ஆடாதோடை எழுதியது என் அம்மாவின் கதையே. நான் மாதாமாதம் காசு அனுப்புகிறேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். சீனி பார்க்கிற மெஷின் பத்து வாங்கி அனுப்பட்டா? பிரஷர் மெஷினும் அனுப்பலாம். எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டால் இன்னும் கிடைக்கும்.

வெள்ளைத்தொப்பி (மானிப்பாய்)

தம்பி, மெஷின் இரண்டு போதும். மெஷின் தர நிறையப் பேர் இருக்கிறார்கள், ஸ்ட்ரிப் முடிந்தால் வாங்கித் தர ஆள் இல்லை. எத்தனை அலுமாரிக்குள் ஸ்ட்ரிப் இல்லாத மெஷின் கிடக்கிறது தெரியுமா? இங்கே வாங்கக்கூடிய வகை எது என்று கேட்டு, அதற்கு மாதம் மாதம் ஸ்ட்ரிப் காசு அனுப்புங்கள். கை கழுவிக் குத்த வேண்டும், ஊசி ஒருவருக்கு ஒன்று. அதற்கும் சேர்த்து.

ஆடாதோடை (உரும்பிராய்)

இன்னொன்றும் கேட்கலாமா அண்ணா? உங்கள் அம்மா காலையில் சாப்பிடும் நேரம் உங்களுக்கு இரவு. படுக்கப்போக முதல் வீடியோவில் எடுத்து, அவர் சாப்பிடும் வரைக்கும் இருங்கள். என் அக்காவை நான் அப்படிச் செய்ய வைத்திருக்கிறேன். ஒரு கிழமையிலேயே அம்மா மரக்கறி வாங்கத் தொடங்கிவிட்டார். அக்கா கோப்பையைக் காட்டச் சொல்வாராம்.

பனிக்காலம் (ஸ்காபரோ)

இன்று இரவே எடுக்கிறேன்.

ஆடாதோடை (உரும்பிராய்)

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். இரண்டு ஞாயிறு நடந்துவிட்டது.

முதல் ஞாயிறு 30 பேருக்குச் சமைத்தோம், 11 பேர்தான் வந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளைத்தொப்பி அம்மாதான் மிச்சத்தைச் சருவத்தில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம் என்றார். போனோம். கதவைத் திறந்தவர்களில் நாலு பேர் அடுத்த முறை தாங்களாகவே வந்தார்கள். மற்றவர்களுக்கு வர விருப்பம், கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை. இப்போது ஓட்டோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒழுங்கை ஒழுங்கையாக ஏற்றி வருகிறார்.

இரண்டாம் ஞாயிறு 23 பேர். ஒடியல் கூழ் காய்ச்சினோம். செம்பாட்டான் அண்ணையின் பயற்றங்காய், சூடை மீன், இறால், பலாக்கொட்டை, முருங்கையிலை. கூழே மாச்சாப்பாடு, அதோடு சோறு வேண்டாம், ஒரு கோப்பை போதும் என்று தாதி அம்மா நின்று பார்த்தார். அன்று இருவருக்குச் சீனி 300ஐத் தாண்டியிருந்தது. ஒருவர் தனக்குச் சலரோகம் என்றே அறியாதவர். அடுத்த நாளே அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். குளிசை உறைகளில் தமிழில் எழுதிக் கொடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு அம்மா ஒரே குளிசையை இரண்டு பெயரில் எடுத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்தோம்.

கடிதம் எழுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்தோம். பிள்ளை நிறுக்கும் கிளினிக்கை மாதம் ஒருமுறையாவது பின்னேரத்தில் வைக்கக் கேட்டிருக்கிறோம். தீவுகளுக்கு இரண்டு மாத மருந்து என்பதும் கடிதத்தில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை, இந்தத் திங்களும் போகிறேன்.

நேர்கோடு அண்ணா தன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் ஒன்றும் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து இறால் உரித்தார். போகும்போது அம்மாவிடம், “அடுத்த முறை புளி நான் கரைக்கிறன், உங்களுக்குக் கூடிப்போச்சு” என்று சொன்னாராம். அம்மாவுக்குக் கோபம். இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், ஃபோனில் அக்காவுக்கும் சொல்லியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும். அம்மாதான் வறுக்கப்போகிறார். 30 பேருக்கு எங்கள் வளவு முருங்கை காணாது. யாரிடம் நிற்கிறது?

கதியால் (வடமராட்சி)

அக்கா, எங்கள் வேலியில் மூன்று மரம் நிற்கிறது. சனி பின்னேரம் முறித்து, ஞாயிறு முதல் பஸ்ஸில் கொண்டுவருகிறேன். பஸ் நிற்கும் இடத்தில் இருந்து எப்படி வருவது என்று மட்டும் சொல்லுங்கள்.